கடன் பத்திரத்தில் எழுதாத எண்

1648-ஆம் ஆண்டு மே மாதம். நெதர்லாந்தில் லெக் ஆற்றின் கரையைப் பராமரித்துவந்த நீர் வாரியம் ஒன்றுக்கு, ஆற்று வளைவில் கரை அரிக்காமல் இருக்கத் தடுப்பு கட்டப் பணம் தேவைப்பட்டது. ஆயிரம் கில்டர் (அன்றைய டச்சு நாணயம்) கடன் வாங்கி, ஆட்டுத்தோலில் ஒரு பத்திரம் எழுதிக் கொடுத்தது. அசலைத் திருப்பித் தரும் தேதி என்று எதுவும் அதில் கிடையாது. வட்டி மட்டும் காலாகாலத்துக்கும் வந்துகொண்டிருக்கும். பத்திரம் யார் கையில் இருக்கிறதோ அவருக்கு வட்டி.

அந்தத் தோல் இன்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. 2003-இல் அதை வாங்கிய நூலகம், 2015-இல் நெதர்லாந்துக்கு ஆளனுப்பி 12 ஆண்டு வட்டி பாக்கியைக் கேட்டது. பழைய வாரியத்தின் பொறுப்பை ஏற்றிருந்த அமைப்பும் மறுபேச்சில்லாமல் 136 யூரோ 20 சென்ட்டை எண்ணி வைத்தது. எத்தனை போர்கள், எத்தனை ஆட்சி மாற்றங்கள், எத்தனை நாணய மாற்றங்கள்! நடுவில் வட்டி விகிதத்தைக் குறைத்தார்களே தவிர, கடனை மறுக்கவில்லை.

ஆனால் கணக்கைப் பாருங்கள். வருடத்துக்கு 11 யூரோ சொச்சம். 1648-இல் ஆயிரம் கில்டர் என்பது சாதாரணத் தொகை இல்லை. சொன்ன சொல் 367 ஆண்டுகள் காப்பாற்றப்பட்ட பிறகும், கைக்கு வந்த காசு ஒன்றுக்கும் காணாது. பணம் திரும்பி வருமா என்பது ஒரு கேள்வி, வரும் பணத்துக்கு அப்போது என்ன மதிப்பு இருக்கும் என்பது வேறொரு கேள்வி. கடன் பத்திரம் வாங்குகிறவர்களில் பலர் முதல் கேள்வியோடு நிறுத்திவிடுகிறார்கள். 'அரசாங்கப் பத்திரம்தானே, நட்டமே வராது' என்று யாராவது உறுதியாகச் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பதைப்பாக இருக்கும். பாதி உண்மையை நம்பிப் பணம் போடுவது முழுப் பொய்யை நம்பிப் போடுவதைவிட ஆபத்தானது என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

அடிப்படையிலிருந்து வருவோம். ஓர் அரசுக்கோ நிறுவனத்துக்கோ பெருந்தொகை தேவைப்படும்போது, அவ்வளவையும் தரக்கூடிய ஒரே ஆள் கிடைப்பது கடினம். எனவே கடனைச் சமமான சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டையும் ஒரு பத்திரமாக்கி விற்கிறார்கள். வாங்குகிறவர் கடன் கொடுக்கிறார், விற்பவர் கடன் வாங்குகிறார். நாம் ஒருவருக்குக் கொடுக்கும் கைமாற்றுக்கும் இதற்கும் முக்கியமான வேறுபாடு, இந்தக் கடனை நடுவிலேயே இன்னொருவருக்கு விற்றுவிட்டு வெளியே வந்துவிடலாம் என்பதே. வெனிஸ் நகரக் குடியரசு தன் குடிமக்களிடம் வலுக்கட்டாயமாக வாங்கியிருந்த கடன்களை 1262-இல் ஒன்றாகத் தொகுத்து 5 சதவீத வட்டி கொடுக்கத் தொடங்கியது. அசல் எப்போது வருமென்று தெரியாத அந்த உரிமைகளை மக்கள் தங்களுக்குள் விற்கவும் வாங்கவும் ஆரம்பித்தார்கள். போர்ச் செய்தி மோசமாக வந்தால் விலை சரியும், நல்ல செய்தி வந்தால் ஏறும். இன்றைய சந்தையும் அடிப்படையில் அப்படித்தான் இயங்குகிறது.

ஒரு பத்திரத்தில் மூன்று விஷயங்கள் எழுதப்பட்டிருக்கும். முதிர்வின்போது திருப்பித் தரப்படும் தொகை முகமதிப்பு. அதன் மீது தரப்படும் வட்டிக்குக் கூப்பன் என்று பெயர். கடன் முடியும் நாள், முதிர்வுத் தேதி. கூப்பன் என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு கத்தரிக்கோல் இருக்கிறது. எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போவதற்கு முன், பத்திரத் தாளின் ஓரத்தில் தபால்தலைகளைப் போல வரிசையாகச் சின்னச் சின்னச் சீட்டுகள் அச்சிட்டிருப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு தேதியும் ஒரு தொகையும் இருக்கும். அந்தத் தேதி வந்ததும் சீட்டை வெட்டி எடுத்துக்கொண்டு போய் நீட்டினால் வட்டிப் பணம் கிடைக்கும். கத்தரிக்கோல் போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது.

இந்த மூன்றும் வெளியிட்ட நாளில் எழுதியவை. சாதாரணப் பத்திரத்தில் இவை மாறுவதில்லை. தினமும் மாறுகிற எண் ஒன்று இருக்கிறது, அது பத்திரத்தில் எங்கேயும் எழுதப்பட்டிருக்காது. இன்றைய விலைக்கு வாங்கி, முதிர்வு வரை வைத்திருந்தால் ஆண்டுக்கு எத்தனை சதவீதம் கிடைக்கும் என்று சொல்லும் எண். சந்தையில் இதை ஈல்டு என்கிறார்கள். செய்திகளில் 'பத்தாண்டுப் பத்திரத்தின் ஈல்டு ஏறியது' என்று வரும்போது, அதே பத்திரத்தின் விலை இறங்கியிருக்கிறது என்று பொருள். பலர் தடுமாறும் இடம் இதுதான் என்பதால், கணக்கைக் கையில் எடுத்தே பார்த்துவிடலாம்.

முகமதிப்பு 1,000. கூப்பன் 5 சதவீதம், ஆண்டுக்கு ஒருமுறை. முதிர்வு 10 ஆண்டுகள். இன்று நீங்கள் 1,000 கொடுத்து வாங்குகிறீர்கள். ஆண்டுக்கு 50 வரும், பத்தாம் ஆண்டின் முடிவில் 1,000 திரும்ப வரும். மறுநாளே சந்தையில் வட்டி விகிதம் 7 சதவீதமாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது புதிதாக வரும் பத்திரம் ஆண்டுக்கு 70 தருகிறது. உங்கள் 50-ஐ யார் 1,000 கொடுத்து வாங்குவார்கள்? விலையைக் குறைத்தால்தான் ஆள் வரும். எவ்வளவு குறைக்க வேண்டும்? வாங்குபவருக்கு மொத்தத்தில் 7 சதவீதம் கிடைக்கும் அளவுக்கு. கணக்குப் போட்டால் விலை சுமார் 860-இல் வந்து நிற்கும். வட்டி ஏறுவதற்குப் பதிலாக 3 சதவீதமாக இறங்கியிருந்தால், உங்கள் 50-க்கு மவுசு கூடி விலை சுமார் 1,170 ஆகியிருக்கும். கடன் வாங்கியவர் ஒரு பைசாகூட ஏமாற்றவில்லை. சொன்ன 50-ஐ ஒழுங்காகக் கொடுக்கத்தான் போகிறார். ஆனாலும் விற்கும் அவசரம் வந்தால் 140 நட்டம்.

அதே 5 சதவீதக் கூப்பனை வேறு முதிர்வுகளுக்கும் போட்டுப் பாருங்கள். வட்டி 7 சதவீதமாக ஏறும்போது, 2 ஆண்டுப் பத்திரம் சுமார் 964-க்கு மட்டுமே இறங்கும். 30 ஆண்டுப் பத்திரமோ 752 வரை சரிந்துவிடும். வட்டி ஏறியது ஒரே அளவுதான், அடி மட்டும் ஒரேயளவு இல்லை. பணம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அவ்வளவுக்கு விலை ஆடும். குறைந்த வட்டியில் 30 ஆண்டுகள் மாட்டிக்கொள்வதும் 2 ஆண்டுகள் மாட்டிக்கொள்வதும் ஒன்றாகாது அல்லவா? ஃபிரெடெரிக் மெக்காலே என்ற பொருளாதார அறிஞர் 1938-இல் இதற்கு ஓர் அளவுகோல் கொடுத்தார். டியூரேஷன் என்று பெயர். நம் பணம் சராசரியாக எத்தனை ஆண்டுகளில் கைக்கு வருகிறது என்பதை, வரவிருக்கும் ஒவ்வொரு தொகையின் இன்றைய மதிப்புக்கு ஏற்ற எடை கொடுத்துக் கணக்கிடுவது. தோராயமாக, டியூரேஷன் 8 என்றால், வட்டி 1 சதவீதப் புள்ளி ஏறும்போது விலை ஏறக்குறைய 8 சதவீதம் குறையும். ஒரு பத்திரத்தைப் பற்றி ஒரேயொரு எண்தான் சொல்வேன் என்று யாராவது சொன்னால், கூப்பனைக் கேட்காதீர்கள், டியூரேஷனைக் கேளுங்கள்.

ஆஸ்திரியா 2020 ஜூனில் 100 ஆண்டுப் பத்திரம் ஒன்றை வெளியிட்டது. கூப்பன் வெறும் 0.85 சதவீதம். அன்று உலகமெங்கும் வட்டி அடிமட்டத்தில் கிடந்ததால், அதையும் போட்டி போட்டு வாங்கினார்கள். 2022-இல் ஐரோப்பிய மத்திய வங்கி வட்டியை உயர்த்தத் தொடங்கியது. 2023-இல் அந்தப் பத்திரம் முகமதிப்பில் பாதிக்கும் கீழே கைமாறிக்கொண்டிருந்தது. ஆஸ்திரியா இன்றுவரை ஒரு தவணைகூடத் தவறவில்லை. 2120-இல் அசலும் வரக்கூடும். வாங்கியவர்களில் யார் அதுவரை காத்திருப்பார்கள்?

காத்திருக்க முடியாதவர்களுக்கு என்ன ஆகும் என்பதை 2023 மார்ச்சில் உலகமே பார்த்தது. அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கி, வட்டி குறைவாக இருந்த காலத்தில் வாடிக்கையாளர்களின் டெபாசிட்டைக் கொண்டு நீண்டகாலப் பத்திரங்களை வாங்கிக் குவித்திருந்தது. அமெரிக்க அரசும் அரசு சார்ந்த அமைப்புகளும் பின்நின்ற பத்திரங்களே அவற்றில் பெரும்பகுதி. கடன் வராமல் போகும் ஆபத்து ஏறக்குறைய இல்லை. ஆனால் 2022 மார்ச்சில் பூஜ்யத்தை ஒட்டியிருந்த அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி ஒரே ஆண்டில் 4.5 சதவீதத்தைத் தாண்டியதும் அந்தப் பத்திரங்களின் விலை சரிந்தது. முதிர்வு வரை வைத்திருந்தால் கவலையில்லை என்று வங்கி இருந்தது. டெபாசிட் செய்தவர்கள் பணத்தைக் கேட்க வந்தார்கள். மார்ச் 8-ஆம் தேதி, 2,100 கோடி டாலர் பத்திரங்களை விற்றதில் 180 கோடி டாலர் நட்டம் என்று வங்கி அறிவித்தது. மறுநாள் ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்க மக்கள் முண்டியடித்தார்கள். அதற்கடுத்த நாள் வங்கி இல்லை. நீண்டகாலப் பத்திரத்தை இன்றோ நாளையோ கேட்கப்படக்கூடிய பணத்தில் வாங்கக் கூடாது என்ற ஒரு பாடம்தான் அதில் இருக்கிறது. வங்கிக்குச் சொன்னது வீட்டுக்கும் பொருந்தும்.

அரசுப் பத்திரங்களின் வகைகள்

அரசு வெளியிடுபவற்றில் மிகக் குறுகியது ட்ரெஷரி பில், தமிழில் கருவூல உண்டியல். பொதுவாக ஓராண்டுக்குள் முடிந்துவிடும். இதற்குக் கூப்பன் கிடையாது, தள்ளுபடியில் விற்பார்கள். 980 கொடுத்து வாங்கி ஆறு மாதத்தில் 1,000 பெற்றால், அந்த 20-தான் வட்டி. அதாவது ஆறு மாதத்துக்கு 2 சதவீதத்துக்குச் சற்று மேல். முதிர்வு அருகிலேயே இருப்பதால் விலை பெரிதாக ஆடாது.

அதற்கு மேலே 2, 5, 10, 30 ஆண்டுகள் என்று கூப்பன் உள்ள பத்திரங்கள் வரும். பெரும்பாலும் ஏலத்தில் விற்கப்படுகின்றன. வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் ஓய்வூதிய நிதிகளும் 'இந்த ஈல்டு கிடைத்தால் இவ்வளவு வாங்குகிறோம்' என்று கேட்பு கொடுக்கும். குறைந்த ஈல்டு கேட்டவருக்கு முன்னுரிமை. ஆக, ஓர் அரசு எத்தனை சதவீதத்துக்குக் கடன் வாங்குகிறது என்பதை அந்த அரசு மட்டும் தீர்மானிப்பதில்லை.

கூப்பனே இல்லாத நீண்டகாலப் பத்திரமும் உண்டு. பத்தாண்டு கழித்து 1,000 கிடைக்கும் பத்திரத்தை 7 சதவீத ஈல்டில் இன்று சுமார் 508-க்கு வாங்கலாம். இடையில் கைக்கு ஒன்றும் வராது. குறிப்பிட்ட ஆண்டில் குறிப்பிட்ட தொகை வேண்டும் என்பவருக்குப் பொருத்தமானது. ஆனால் மொத்தப் பணமும் கடைசி நாளில் வருவதால், அதே முதிர்வுள்ள பத்திரங்களில் வட்டி மாற்றத்துக்கு இதைப் போல விலை ஆடுவது வேறில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது பணவீக்கத்தோடு இணைக்கப்பட்ட பத்திரம். இதன் மூத்த வடிவம் ஒன்று 1780-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் வந்தது. விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்தது. காகிதப் பணம் நாளுக்கு நாள் மதிப்பிழந்தது. சம்பளத்தின் மதிப்பு கரைந்துபோன சிப்பாய்கள் கொதித்துப்போயிருந்தார்கள். மாநில அரசு அவர்களுக்கு ஒரு பத்திரம் கொடுத்தது. 5 புஷல் மக்காச்சோளம், 68 பவுண்டும் ஒரு பவுண்டில் ஏழில் நான்கு பங்கும் மாட்டிறைச்சி, 10 பவுண்டு ஆட்டு ரோமம், 16 பவுண்டு செருப்படித் தோல் ஆகியவற்றின் மொத்த விலை அன்று எவ்வளவோ அதற்கேற்ப அசலும் வட்டியும் கூடும் அல்லது குறையும் என்று அதில் அச்சிட்டிருந்தது. ஏழில் நான்கு பங்கு இறைச்சி வரை யோசித்து எழுதியிருக்கிறார்கள்! சிப்பாய்க்கு வேண்டியது காகிதத்தில் உள்ள எண் இல்லை, சாப்பாடும் செருப்பும்தான் என்பது எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. நவீன காலத்தில் பிரிட்டன் 1981-லும் அமெரிக்கா 1997-லும் இதே யோசனையை விலைவாசிக் குறியீட்டோடு இணைத்து வெளியிட்டன. இவற்றில் விலைவாசி ஏற ஏற அசலும் ஏறும், வட்டி அந்த ஏறிய அசலுக்குக் கணக்கிடப்படும்.

சாதாரணப் பத்திரத்தில் அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆண்டுக்கு 6 சதவீத விலைவாசி உயர்வு பத்தாண்டு நீடித்தால், முடிவில் கைக்கு வரும் 1,000-இன் வாங்கும் சக்தி இன்றைய 558-க்குச் சமம். ஏமாற்றாமலே கடனைப் பாதியாகக் குறைக்கும் வழி இது. வரலாற்றில் பல அரசுகள் தங்கள் கடன் சுமையை இப்படித்தான் இறக்கி வைத்திருக்கின்றன.

அரசு பணம் தராமல் போகுமா?

போகும். போயிருக்கிறது. தன் சொந்த நாணயத்தில் கடன் வாங்கிய அரசு கடைசியில் நாணயத்தை அச்சடித்தாவது கொடுத்துவிடலாம், அதனால் அது திவாலாகாது என்று ஒரு பேச்சு உண்டு. பெரும்பாலும் சரிதான். ஆனால் 1998 ஆகஸ்டில் ரஷ்யா தன் சொந்த ரூபிள் பத்திரங்களையே கொடுக்க மறுத்தது. முடியும் என்பதும் செய்வார்கள் என்பதும் வேறு வேறு.

பிற நாட்டு நாணயத்தில் வாங்கிய கடன் என்றால் ஆபத்து நேரடியானது. டாலரை அமெரிக்கா மட்டுமே அச்சிட முடியும். கையிருப்பு டாலர் தீர்ந்தால் கதை முடிந்தது. 2022 ஏப்ரல் 12-ஆம் தேதி இலங்கை தன் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அறிவித்தது. எரிபொருளுக்கும் மருந்துக்கும் கொடுக்கவே டாலர் இல்லாத நிலை. இரண்டரை ஆண்டுப் பேச்சுக்குப் பிறகு 2024 டிசம்பரில் பழைய பத்திரங்களுக்கு மாற்றாகப் புதியவை வந்தன. நாட்டின் பொருளாதாரம் எதிர்பார்த்ததைவிட நன்றாக வளர்ந்தால் கூடுதலாகவும், சுணங்கினால் குறைவாகவும் பணம் தரும் பத்திரங்களும் அவற்றில் இருந்தன. கடன் கொடுத்தவரும் நாட்டின் நல்லது கெட்டதில் பங்கெடுக்கும் இந்த ஏற்பாடு நியாயமானது என்றே நினைக்கிறேன்.

கிரேக்கத்தின் நிலை வேறு மாதிரி. யூரோ அதன் சொந்தப் பணம்தான், ஆனால் அச்சிடும் உரிமை அதன் கையில் இல்லை. 2012 மார்ச்சில் தனியார் வைத்திருந்த கிரேக்கப் பத்திரங்களின் முகமதிப்பில் 53.5 சதவீதம் வெட்டப்பட்டது.

நிறுவனம் திவாலானால் நீதிமன்றம் அதன் சொத்தை விற்றுக் கடன் கொடுத்தவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். நாடு திவாலானால் எதை ஜப்தி செய்வது? அர்ஜென்டினா 2001 டிசம்பரில் கைவிரித்தபோது, கடன் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் பிறகு குறைந்த தொகைக்கு ஒத்துக்கொண்டார்கள். சில முதலீட்டு நிதிகள் மட்டும் முழுத் தொகையும் வேண்டும் என்று வழக்குக்குப் போயின. 2012 அக்டோபரில், அர்ஜென்டினக் கடற்படையின் பயிற்சிக் கப்பலான லிபர்டாட் கானா நாட்டின் துறைமுகத்துக்கு வந்தபோது, அப்படியொரு நிதியின் மனுவை ஏற்று உள்ளூர் நீதிமன்றம் கப்பலைப் பிடித்து வைத்தது. பாய்மரக் கப்பல், உள்ளே மாலுமிகள், கரையில் கடன்காரர்! சர்வதேசக் கடல்சட்டத் தீர்ப்பாயம் தலையிட்டு டிசம்பரில் விடுவித்தது. வழக்கு 2016-இல்தான் சமரசமானது.

பணம் தர முடியும் என்று யாருமே சந்தேகிக்காத நாட்டுக்கும் சந்தை கடிவாளம் போட்டதுண்டு. 2022 செப்டம்பர் 23-ஆம் தேதி பிரிட்டன் அரசு, பணத்துக்கு வழி சொல்லாமல் பெரிய வரிக் குறைப்புகளை அறிவித்தது. நீண்டகாலப் பத்திரங்களின் விலை ஒரே வாரத்தில் பயங்கரமாகச் சரிந்தது. அந்தப் பத்திரங்களை அடகாக வைத்திருந்த ஓய்வூதிய நிதிகளிடம் 'இன்னும் அடகு கொண்டு வா' என்று கேட்டார்கள். அவர்கள் பணத்துக்காகப் பத்திரங்களையே விற்க, விலை மேலும் சரிய, மறுபடி அடகு கேட்க, ஒரு சுழல் உருவானது. 28-ஆம் தேதி பேங்க் ஆஃப் இங்கிலாந்து தானே வாங்க இறங்கியதும்தான் நின்றது. அக்டோபர் 20-ஆம் தேதி பிரதமர் லிஸ் டிரஸ் ராஜினாமாவை அறிவித்தார். அதே பேங்க் ஆஃப் இங்கிலாந்து 1694-இல் தொடங்கப்பட்டதே அரசுக்கு 12 லட்சம் பவுண்டு கடன் கொடுப்பதற்காகத்தான்.

நிறுவனங்களின் பத்திரங்கள்

நிறுவனப் பத்திரத்தில் கூடுதல் வட்டி கிடைக்கும். ஏன் கூடுதல் என்பதை யோசிக்காமல் வாங்கக் கூடாது. அதே முதிர்வுள்ள அரசுப் பத்திரத்தைவிட எத்தனை சதவீதப் புள்ளி அதிகம் தருகிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஸ்ப்ரெட் என்று சொல்லப்படும் அந்த இடைவெளிதான், திரும்பி வராமல் போகக்கூடிய ஆபத்துக்குச் சந்தை கேட்கும் கூலி. இடைவெளி வழக்கத்துக்கு மேல் பெரிதாக இருந்தால், சந்தைக்குத் தெரிந்த ஏதோ ஒன்று உங்களுக்குத் தெரியவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வரிசையில் உங்கள் இடம் எது என்பதும் முக்கியம். நிறுவனம் நொடித்துப்போனால், குறிப்பிட்ட சொத்தை ஈடாகப் பெற்றவர்கள் அந்தச் சொத்திலிருந்து முதலில் எடுத்துக்கொள்வார்கள். அடுத்து ஈடு இல்லாத சாதாரணப் பத்திரம் வைத்திருப்பவர்கள். அதற்கும் பின்னால், 'மற்றவர்களுக்குப் போகத்தான் எங்களுக்கு' என்று எழுதிக் கொடுத்த கீழ்வரிசைப் பத்திரக்காரர்கள். கடைசியில் பங்குதாரர்கள். டிபெஞ்சர் என்ற சொல்லைக் கேட்டால் மட்டும் கொஞ்சம் நிதானியுங்கள். அமெரிக்காவில் அது ஈடு இல்லாத கடனைக் குறிக்கும். பிரிட்டிஷ் வழக்கத்தில் பெரும்பாலும் ஈடுள்ள கடன். பெயரை நம்பாமல் நிபந்தனையைப் படிக்க வேண்டும்.

இந்த வரிசை எப்போதும் நிற்கும் என்றும் சொல்ல முடியாது. நெருக்கடி வந்தால் மதிப்பைப் பூஜ்யமாக்கிவிடலாம் என்ற நிபந்தனையோடு வங்கிகள் வெளியிடும் ஒரு வகைப் பத்திரம் உண்டு. 2023 மார்ச்சில் சுவிட்சர்லாந்தின் கிரெடிட் சூயிஸ் வங்கியை யுபிஎஸ் வங்கி வாங்கியபோது, சுமார் 1,600 கோடி சுவிஸ் ஃபிராங்க் மதிப்புள்ள அத்தகைய பத்திரங்கள் ஒரே இரவில் பூஜ்யமாக்கப்பட்டன. வரிசையில் அவர்களுக்குப் பின்னால் நிற்க வேண்டிய பங்குதாரர்களுக்கோ சுமார் 300 கோடி ஃபிராங்க் மதிப்பு கிடைத்தது. வாங்கியவர்கள் நீதிமன்றம் ஏறினார்கள். கூடுதல் வட்டிக்குக் காரணமான அந்த நிபந்தனை ஆவணத்தில் இருந்தது. அதன் கனத்தைப் பலர் அன்றுதான் உணர்ந்தார்கள்.

தர மதிப்பீடு பற்றி. ஜான் மூடி 1909-இல் அமெரிக்க ரயில் நிறுவனங்களின் பத்திரங்களுக்கு எழுத்துகளில் மதிப்பெண் போடத் தொடங்கினார். இன்று எஸ் அண்ட் பி போன்ற மதிப்பீட்டு நிறுவனங்களிடம் அது மூன்று ஏ-யில் தொடங்கி டி வரை போகும் ஏணி. பிபிபி மைனஸ் வரை முதலீட்டுத் தரம். அதற்குக் கீழே இருப்பவற்றை மரியாதையாக ஹை ஈல்டு என்றும், பச்சையாக ஜங்க் என்றும் அழைக்கிறார்கள். மதிப்பீடு உதவும், ஆனால் அது ஒரு கருத்து மட்டுமே. மதிப்பீட்டு நிறுவனத்துக்குக் கட்டணம் கொடுப்பது பெரும்பாலும் பத்திரத்தை வெளியிடுபவரே. வீட்டுக் கடன்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து, அந்தத் தவணைகளை நம்பி வெளியிட்ட அமெரிக்கப் பத்திரங்களில் ஏராளமானவை மூன்று ஏ வாங்கியிருந்தன. 2007, 2008-இல் அவற்றில் பல குப்பையாயின. இன்னொரு பக்கம், 2011 ஆகஸ்டில் எஸ் அண்ட் பி நிறுவனம் அமெரிக்க அரசின் மூன்று ஏ-யைப் பறித்தபோது, பயந்துபோன முதலீட்டாளர்கள் ஓடி ஒளிந்த இடமே அமெரிக்க அரசுப் பத்திரம்தான். விலை ஏறியது.

மிகக் குறுகிய காலம் என்பதால் மட்டும் நிறுவனக் கடன் பாதுகாப்பாகிவிடாது. சில மாதங்களில் முடியும், ஈடு இல்லாத வணிகப் பத்திரத்தை கமர்ஷியல் பேப்பர் என்பார்கள். அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் 2008 செப்டம்பர் 15-ஆம் தேதி திவால் மனு கொடுத்தது. அதன் கமர்ஷியல் பேப்பர் உள்ளிட்ட கடன் பத்திரங்களை 78.5 கோடி டாலர் அளவுக்கு வைத்திருந்த ரிசர்வ் பிரைமரி ஃபண்ட் என்ற குறுகியகால நிதியின் ஒரு டாலர் யூனிட் மறுநாள் 97 சென்ட் ஆனது. மூன்று சென்ட்தான் குறைவு. ஆனால் கையிலிருக்கும் ரொக்கத்துக்குச் சமம் என்று நம்பிப் போட்ட பணம் அது. நம்பிக்கை போனதும் அந்த வகை நிதிகளிலிருந்தெல்லாம் மக்கள் பணத்தை உருவத் தொடங்கினார்கள்.

மற்ற வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முன்கூட்டியே திருப்பிக் கொடுக்கும் உரிமையை வெளியிட்டவர் வைத்துக்கொள்ளும் பத்திரத்தில் கவனம் வேண்டும். வட்டி இறங்கியதும் அவர் பழைய கடனை அடைத்துவிட்டுப் புதிதாகக் குறைந்த வட்டிக்கு வாங்கிக்கொள்வார், நல்ல வட்டி நமக்கு நின்றுபோகும். பங்காக மாற்றிக்கொள்ளும் பத்திரத்தில் அந்த உரிமை நம் கையில், அதற்கு விலையாகக் கூப்பன் குறைவு. மிதவை வட்டிப் பத்திரத்தில் கூப்பன் சந்தையோடு ஏறி இறங்கும், எனவே விலை அதிகம் ஆடாது. பேரிடர் பத்திரம் விசித்திரமானது. நிலநடுக்கமோ புயலோ சொன்ன அளவைத் தாண்டினால் முதலீட்டாளரின் அசலே நிவாரணத்துக்குப் போய்விடும். 2017 செப்டம்பரில் மெக்சிகோவைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியபோது, அப்படி 15 கோடி டாலர் அந்த நாட்டுக்குக் கிடைத்தது. பசுமைப் பத்திரம் என்பது திரட்டும் பணத்தைச் சுற்றுச்சூழல் திட்டங்களுக்குச் செலவிடுவோம் என்ற வாக்குறுதியோடு வருவது. ஐரோப்பிய முதலீட்டு வங்கி 2007-இல் தொடங்கி வைத்தது. கடன் வாங்கியவர் திருப்பித் தருவாரா என்பது அவருடைய நிதி நிலையைப் பொறுத்ததே தவிர, பத்திரத்தின் நிறத்தைப் பொறுத்தது இல்லை.

சரி, வாங்க நினைப்பவர் எங்கே தொடங்குவது? பணம் எப்போது தேவை என்ற தேதியிலிருந்து. மூன்று ஆண்டில் தேவைப்படும் பணத்துக்கு மூன்று ஆண்டு முதிர்வு. வட்டி எங்கே போகும் என்று ஊகிக்க வேண்டிய அவசியமே அப்போது வராது. ஊகிப்பதில் பெரியவர்களே சறுக்குகிறார்கள். குறுகியகால ஈல்டு நீண்டகால ஈல்டைத் தாண்டினால் பொருளாதார மந்தம் வரும் என்பது அமெரிக்காவில் பல தடவை பலித்த அறிகுறி. 2022 ஜூலை முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் 2 ஆண்டு ஈல்டு 10 ஆண்டு ஈல்டுக்கு மேலேயே நின்றது. எதிர்பார்த்த மந்தம் அந்தக் காலத்தில் வரவில்லை.

அப்புறம், நேரடியாகப் பத்திரம் வாங்குவதும், பலரின் பணத்தைச் சேர்த்துப் பத்திரங்கள் வாங்கும் பத்திர ஃபண்டில் போடுவதும் ஒன்றென்று நினைப்பவர்கள் நிறையப் பேர். பத்திரத்துக்கு முடிவுத் தேதி உண்டு. நடுவில் விலை 860-க்குப் போனாலும், நாள் நெருங்க நெருங்க 1,000-ஐ நோக்கி ஏறிவந்தே ஆக வேண்டும். சாதாரண பத்திர ஃபண்டுக்கு அப்படியொரு நாளே கிடையாது. முதிர்ந்த பத்திரத்தின் பணத்தில் மேலாளர் புதியதை வாங்கிக்கொண்டே இருப்பார், டியூரேஷன் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கும். வட்டி ஏறிய ஆண்டில் ஃபண்டில் நட்டம் கண்டவர், 'பொறுத்திருந்தால் முகமதிப்பு வந்துவிடும்' என்று தன்னைத் தேற்றிக்கொள்ள முடியாது. புதிதாக வாங்கப்படும் பத்திரங்களின் கூடுதல் வட்டி மெல்ல மெல்லத்தான் அந்தப் பள்ளத்தை நிரப்பும். அதற்கு எத்தனை ஆண்டு பிடிக்கும் என்பதற்கான தோராயமான விடை, ஃபண்டின் மாதாந்திர அறிக்கையில் டியூரேஷன் என்ற வரிக்கு எதிரே அச்சிட்டிருக்கும்.